வேலூருக்கு ஓர் இலவச ஸ்கேட்பார்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் கட்டணம் இல்லாத, கதவுக்குப் பூட்டு இல்லாத ஒரு ஸ்கேட்பார்க்கை ஊர்க்காரர்களே சேர்ந்து கட்ட வேண்டும் என்று நாங்கள் சிலர் பேசி வருகிறோம். கட்டட வேலை பார்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்று பல தரப்பும் இதில் உண்டு. இன்னும் இடம் உறுதியாகவில்லை, ஒரு மூட்டை சிமெண்டும் வாங்கவில்லை. ஆனால் சத்துவாச்சாரியில் பேசினாலும் காட்பாடியில் பேசினாலும் பாகாயத்தில் பேசினாலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. எங்களிடம் இருக்கும் பதில்கள் இவை.

ஸ்கேட்பார்க் என்றால் ஸ்கேட்டிங் ரிங்க்தானே?

இல்லை, இரண்டும் வேறு. ரிங்க் சமதளமான ஓடுதளம். சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வேகமாக ஓடுவதற்கானது. அந்த விளையாட்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே சாதித்துவிட்டார்கள். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், 3000 மீட்டர் தொடர் பந்தயத்தில் இந்தியாவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வென்றன. அந்த ஆண்கள் அணியில் ஆனந்த்குமார் வேல்குமார் இருந்தார், பெண்கள் அணியில் ஆரத்தி கஸ்தூரிராஜ் இருந்தார். ஆனந்த்குமார் 2025-இல் சீனாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரில் தங்கமே வாங்கினார்.

ஸ்கேட்பார்க்கில் சுற்றுப்பாதை கிடையாது. வளைந்து ஏறும் சரிவுகள், மேடுகள், திண்டுகள், நாலைந்து படிகள், தாழ்வான ஒரு கம்பி, சில இடங்களில் கிண்ண வடிவப் பள்ளம். ஸ்கேட்போர்டு (நாலு சக்கரம் வைத்த பலகை), இன்லைன் ஸ்கேட் (சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ள காலணி), சின்ன சைக்கிள், உதைத்து ஓட்டும் ஸ்கூட்டர் எல்லாம் இதில் ஓடும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டிங் முதல்முறையாக இடம்பெற்றது. படி, கம்பி, திண்டு மேல் ஓட்டும் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வாங்கிய ஜப்பானின் மொமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. வெள்ளி வாங்கிய பிரேசிலின் ரைசா லியலுக்கும் 13தான்.

ஏன் இலவசம்? சின்னதாக ஒரு கட்டணம் வைத்தால் பராமரிப்புக்கு ஆகுமே?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இப்போது நகரங்களில் பந்து உதைக்க வேண்டும் என்றால் டர்ஃப் என்னும் செயற்கைப் புல் மைதானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். பங்கு போட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் உள்ளே ஆடுகிறார்கள். முடியாதவர்கள் வலைக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். ஸ்கேட்போர்டிங்கில் பத்துப் பேர் பங்கு போடும் வழிகூட இல்லை. ஒரு பிள்ளை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து, விழுந்து, எழுந்துதான் பழகும். பள்ளி விட்டு வரும்போது அரை மணி, இருட்டுவதற்குள் இன்னொரு அரை மணி என்று தினமும் வந்தால்தான் கால் பிடிபடும். தலைக்கு இருபது ரூபாய் என்று வைத்தாலும், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மாதம் 1200 ரூபாய். தினக்கூலியில் ஓடும் வீட்டில் அந்தப் பிள்ளைகள் இரண்டாம் வாரமே நின்றுவிடுவார்கள்.

கட்டணம் என்று வந்தால் அதை வாங்க ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத நேரம் பூட்ட வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம் என்று ஆகும். அதனால்தான் இலவசம் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். அப்படி முடிவு செய்ததும் மற்றவை தெளிவாகிவிடுகின்றன: இடம் பொது இடமாக இருக்க வேண்டும், பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும், வருடா வருடம் செலவு வைக்காத பொருளில் கட்ட வேண்டும். பிளைவுட் சரிவு மலிவுதான். ஆனால் நம் வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் அது சீக்கிரமே பிளந்துவிடும். நன்றாகப் போட்ட கான்கிரீட்டுக்குத் துடைப்பம் போதும்.

ஊர்க்காரர்களே சேர்ந்து கட்டிய ஸ்கேட்பார்க் எங்காவது இருக்கிறதா?

நிறைய இருக்கின்றன. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் பர்ன்சைட் பாலத்தின் அடியில் 1990-இல் ஸ்கேட்டர்கள் தாங்களே சிமெண்ட் குழைத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். அனுமதி கேட்கவில்லை. பிறகு நகர நிர்வாகமே அதை ஏற்றுக்கொண்டது. அந்த உழைப்பு பெரியது, ஆனால் அந்த வழி நமக்கு வேண்டாம். இங்கே அனுமதி இல்லாமல் கட்டினால் ஒரே காலையில் ஜேசிபி வந்து நிற்கும். ஜோர்டானின் அம்மான் நகரில் 2014-இல் பொதுமக்களிடம் திரட்டிய பணத்திலும் தன்னார்வலர்கள் உழைப்பிலும் ஒரு பார்க் எழுந்தது.

நமக்கு நெருக்கமான உதாரணம் மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் உள்ள ஜன்வார் கிராமம். ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிக்கே ரைன்ஹார்ட் முன்னெடுக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் வந்து 2015-இல் அங்கே கான்கிரீட் பார்க் கட்டினார்கள். பழங்குடி, யாதவர் என்று பிரிந்து கிடந்த கிராமம் அது. அங்கே இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாவிட்டால் ஸ்கேட்போர்டு இல்லை, பெண் பிள்ளைகளுக்கே முதல் இடம். அந்தக் கிராமத்து ஆஷா கோண்ட் 2018-இல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியா சார்பில் கலந்துகொண்டார். நம் பக்கம் என்றால் மாமல்லபுரம். அங்கே கவுன் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு சரிவில் இறங்கிய சிறுமி கமலி மூர்த்தியின் படத்தை அமெரிக்க ஸ்கேட்போர்டிங் நட்சத்திரம் டோனி ஹாக் பகிர்ந்தபோது உலகம் முழுக்கப் பார்த்தது.

வேலூரில் இடம் எங்கே இருக்கிறது?

பெரிய இடம் தேவையில்லை. 2000 சதுர அடி இருந்தால் பழகுவதற்கான பார்க் கட்டலாம். 5000 சதுர அடி கிடைத்தால் பெரியவர்களும் சின்னவர்களும் மோதிக்கொள்ளாமல் ஓட்டலாம்.

முதலில் தேட வேண்டியது ஓ.எஸ்.ஆர். (திறவெளி ஒதுக்கீடு) இடங்களை. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறவெளிக்காக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் என்றே ஒதுக்கிய நிலம் அது. நகரத்தின் ஓரங்களில் இப்படி விட்ட இடங்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். உங்கள் லேஅவுட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.

தொடக் கூடாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு வேண்டவே வேண்டாம். வறண்டு கிடக்கிறது என்று பாலாற்றங்கரையையும் நம்பக் கூடாது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிய வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோட்டை பக்கம் கேட்கிறார்கள். எல்லோரும் கூடும் இடம், ஆசை நியாயம்தான். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் எந்தப் புதுக் கட்டுமானமும் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டும். கடைசியாக, ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் முன்பு தோல் பதனிடும் தொழில் நடந்த மனைகள் சும்மா கிடைத்தாலும் மண்ணைப் பரிசோதிக்காமல் பிள்ளைகளை அங்கே விழுந்து புரள விடக் கூடாது. குரோமியம் கலந்த மண் எங்கெல்லாம் கிடக்கிறது என்பது இந்த வட்டாரம் பல ஆண்டுகளாகப் பட்டு அறிந்த விஷயம். உப்பும் சல்பேட்டும் மிகுந்த மண் கான்கிரீட்டையும் அரிக்கும்.

இன்னொன்று, இடம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் டீக்கடை, பஸ் நிறுத்தம், ஜன்னல் திறந்த வீடுகள். மறைவான மூலை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

போதை, ரவுடித்தனம் என்று கெட்டுப்போகாதா?

பாழடைந்த காலி மனைதான் அதற்கெல்லாம் இடம் கொடுக்கும். மேலே சொன்ன டீக்கடையும் ஜன்னல்களும் இதற்காகத்தான். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள், அவர்களோடு வரும் பாட்டிகள், வேடிக்கை பார்ப்பவர்கள் என்று ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் குப்பி உடைப்பவர்கள் உட்கார மாட்டார்கள். சுற்றுச் சுவர் கட்டாதீர்கள். உட்கார நிறையத் திண்ணை வையுங்கள், விளக்குப் போடுங்கள்.

யாரிடம் அனுமதி கேட்பது?

மாநகராட்சி நிலம் என்றால் வார்டு உறுப்பினரிடம் தொடங்குங்கள். 2022-இலிருந்து நகரங்களில் வார்டு குழுவும், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும் இருக்கின்றன. பகுதி சபைக் கூட்டத்தில் கோரிக்கையைப் பதிவு செய்தால் அது ஊர்க் கோரிக்கை ஆகிவிடும். வருவாய்த்துறை நிலம் என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு. பேச்சளவில் கிடைக்கும் "சரி, கட்டிக்கோங்க" போதாது. மாநகராட்சி மன்றத் தீர்மானம் கையில் வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: நிலம் மாநகராட்சிக்கே சொந்தம், நுழைவு என்றைக்கும் இலவசம், பராமரிப்பில் யாருடைய வேலை எது. நடுவில் இருப்பதைத் தவறவிட்டால் நாலு வருடம் கழித்து ஏலம் விட்டு டிக்கெட் போட்டுவிட முடியும்.

குழுவையும் பதிவு செய்துகொள்வது நல்லது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி 7 பேர் இருந்தால் போதும்.

பணம்?

நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு போடும். நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு, சட்டமன்ற உறுப்பினருக்கும் தனியே உண்டு. பொதுப் பயன்பாட்டுக்கான சொத்துக்குத்தான் இந்தப் பணம் வரும் என்பதால் இலவசம் என்ற எங்கள் நிபந்தனையும் இதோடு ஒத்துப்போகிறது.

பொருளாகத் தருபவர்களை அதிகம் எதிர்பார்க்கிறோம். கணக்கு இதுதான்: 2000 சதுர அடியில் 5 அங்குலக் கனத்துக்குத் தளம் போட்டால் சுமார் 830 கன அடி கான்கிரீட். அதற்கு ஏறக்குறைய 150 முதல் 170 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். சரிவுகள் தனி. ஒரு கடைக்காரர் இருபது மூட்டை தந்தால் தளத்துக்கான சிமெண்டில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அவருடையது. குவாரி வைத்திருப்பவர் இரண்டு யூனிட் ஜல்லி இறக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கும்போது கவனம் வேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. துபாயில் வேலை பார்க்கும் உங்கள் மச்சான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது இந்தச் சட்டத்தில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வரும்.

நம் ஊர்க் கொத்தனார்களால் இதைக் கட்ட முடியுமா?

முடியும். ஆனால் ஸ்கேட் ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். ஸ்கேட்போர்டின் சக்கரம் 52, 54 மில்லிமீட்டர் விட்டம்தான். தளமும் சரிவும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு பிசிறு நின்றாலும் சக்கரம் அங்கே நிற்கும், பிள்ளை முன்னால் போய் விழும். வீட்டுத் தளத்தில் யாரும் கண்டுகொள்ளாத ஏற்ற இறக்கம் இங்கே பல்லை உடைக்கும்.

வளைவு போடுவது நினைப்பதைவிட எளிது. பிளைவுட் பலகையை விரித்து, ஆறரை அடி தள்ளி ஓர் ஆணி அடித்து, கயிற்றில் பென்சில் கட்டி ஒரு வில் இழுங்கள். 3 அடி உயரச் சரிவுக்கு அந்த வில் போதும். அது தரையில் ஐந்தரை அடி நீளம் எடுக்கும். இப்படி வெட்டிய பலகைகளை இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவில் மண்ணையும் கல்லையும் நன்றாகத் திமிசு போட்டு இறுக்கி, கம்பி கட்டி, கலவையைப் போட்டு மட்டப்பலகையைப் பலகை மேலேயே இழுத்து வந்தால் வளைவு தானாக அமையும். 3 அடிக்கு மேல் முதல் பார்க்கில் வேண்டாம். சரிவின் உச்சியில் 2 இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் பதிக்க வேண்டும். அது கான்கிரீட்டை விட்டு அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வெளியே துருத்தியிருக்க வேண்டும். போர்டு உச்சியைத் தொட்டதைக் கால் உணர்வது அதில்தான். அதிகம் துருத்தினால் சக்கரம் மாட்டும்.

சரிவுக்குப் போடும் கலவை கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் வழிந்து கீழே இறங்கிவிடும், காய்ந்ததும் விரிசல் விடும். எம்-25 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையாமல் போடுங்கள். தளத்துக்கு ரெடிமிக்ஸ் வாங்கலாம். 6 கன மீட்டர் லாரியில் நாலு நடை. சரிவுக்கு அங்கேயே குழைப்பதுதான் வசதி, ஏனென்றால் கை வேலை மெதுவாகத்தான் போகும். தளத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வாட்டம் கொடுத்துத் தண்ணீர் எங்கே போகும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மேற்பூச்சு தனியாகப் பூசவே கூடாது. அது பிறகு ஓடுபோல் உரிந்து வரும். போட்ட கான்கிரீட்டையே இரும்புக் கரணையால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர் விடுவது. சாதாரண சிமெண்டுக்கு குறைந்தது 7 நாள், வெப்பம் அதிகமான ஊர்களில் 10 நாள் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்கிறது. கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது. தளத்தில் பாத்தி கட்டிவிடலாம். சரிவில் தண்ணீர் நிற்காது, ஈரச் சாக்கு போர்த்தி வேளாவேளைக்கு நனைக்க வேண்டும். கட்டுவதற்கு வரும் கூட்டம் இதற்கு வராது. யார் எந்த வேளை என்று பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எந்த மாதத்தில் கட்டலாம்?

பொங்கல் முடிந்து ஊருக்குப் போன கொத்தனார்கள் திரும்பியதும் தொடங்கி, மார்ச் நடுவுக்குள் முடிக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் போட்ட கான்கிரீட் தேய்ப்பதற்குள் இறுகிவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்கால இடிமழை, அதன்பின் வடகிழக்குப் பருவமழை.

தன்னார்வலர்கள் என்ன வேலை செய்வார்கள்?

முள் வெட்டுவது, மண் சுமப்பது, ஜல்லி தள்ளுவது, சாக்கு நனைப்பது, சமைப்பது, கணக்கு எழுதி ஒட்டுவது. கம்பி, சென்ட்ரிங், கடைசித் தேய்ப்பு மூன்றும் தொழில் தெரிந்தவர்களுக்கே. அவர்களுக்கு முழுக் கூலி கொடுத்துவிட வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. சம்பளக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து இலவசமாக மண் சுமப்பது சேவை. கொத்தனாரின் ஒரு நாள் கூலியை விட்டுத்தரச் சொல்வது அவர் வீட்டு அடுப்பில் கை வைப்பது. அவராகத் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம், கேட்க மாட்டோம்.

பெண் பிள்ளைகள் வருவார்களா?

வரும்படி ஏற்பாடு செய்தால் வருவார்கள். சும்மா திறந்துவிட்டால் ஒரு மாதத்தில் பதினெட்டு வயதுப் பையன்கள் மட்டும் இருக்கும் இடமாகிவிடும், எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். வாரத்தில் சில மாலைகள் பெண் பிள்ளைகளுக்கு மட்டும், சொல்லித் தர ஓர் அக்கா, அம்மாக்கள் உட்கார நிழலான திண்ணை, பக்கத்தில் சுத்தமான கழிப்பறை. இந்தக் கடைசி விஷயத்தை வரைபடத்திலேயே சேர்த்துவிட வேண்டும். கழிப்பறை இல்லாத மைதானத்துக்குப் பத்து வயதுக்கு மேல் பெண்ணை அனுப்பத் தயங்கும் தாயைக் குறை சொல்ல முடியாது.

விழுந்து அடிபட்டால்?

விழுவார்கள். சிராய்ப்பு நிச்சயம், சில சமயம் மணிக்கட்டு முறியும். தலைக்கவசம் இல்லாமல் சின்னப் பிள்ளைகள் சரிவில் ஏறக் கூடாது. முழங்கால், முழங்கை, மணிக்கட்டு உறைகளைப் பொதுவில் வாங்கி வைப்போம். முதல் நாள் பாடமே விழுவது எப்படி என்பதுதான்: கையை ஊன்றாமல் உடம்பை உருட்டி விழ வேண்டும். தளத்தில் கிடக்கும் ஒரு சின்னக் கல்லே சக்கரத்தை நிறுத்திப் பிள்ளையைத் தள்ளிவிடும். அதனால் ஓட்டுவதற்கு முன் பெருக்குவது எல்லோருக்கும் கட்டாயம்.

இந்த வெயிலில் யார் ஓட்டுவார்கள்?

காலை எட்டு மணிக்குள், மாலை ஐந்துக்கு மேல். மேற்குப் பக்கம் புங்கமும் வேம்பும் வைத்தால் சாயங்காலம் தளம் சீக்கிரம் ஆறும். ராத்திரி ஒன்பது வரை விளக்கு இருக்கட்டும்.

ஸ்கேட்போர்டு விலை அதிகமாமே?

நல்ல போர்டு ஒரு வீட்டுக்குப் பாரம்தான். அதனால் நூலகம் மாதிரி பொதுப் போர்டுகள் வைப்போம். பெயர் எழுதிவிட்டு எடுத்து ஓட்டி, அங்கேயே திருப்பித் தர வேண்டும். பொம்மைக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் போர்டை மட்டும் வாங்கித் தராதீர்கள். சக்கரம் சுழலாமல் இழுத்துக்கொண்டு போகும், பிள்ளை தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து விட்டுவிடும்.

எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது. நான் என்ன செய்யலாம்?

இப்போது உடனே வேண்டியது இடம். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஓ.எஸ்.ஆர். இடம் இருந்தால் அதன் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, நீள அகலம் அளந்து, மழை நாளில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு அந்தக் காகிதத்தோடும் தெருப் பிள்ளைகள் நாலு பேரோடும் போங்கள். கம்பி கட்டத் தெரிந்தவர்கள், பழைய சென்ட்ரிங் பலகை வைத்திருப்பவர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்குப் பிறகு உங்களைத் தேடுவது கஷ்டம்.